வேலைக்குத் திரும்புவதா, பிள்ளையோடு வீட்டில் நிற்பதா: வன்னித் தாய்மாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகப்பேற்று லீவு முடியப் போகிற நேரத்தில்தான் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வரும். மாமி ஒன்று சொல்வார், அம்மா வேறொன்று சொல்வார், வேலைத்தலத்தில் இருந்து சூப்பர்வைசர் "எப்ப வாறீங்கள்?" என்று போன் எடுப்பார். கணவர் "உனக்குச் சரியெண்டு படுகிறதைச் செய்" என்பார். கேட்க நல்லாயிருக்கும், ஆனால் முழுப் பாரத்தையும் உங்கள் தலையில் இறக்கிவிடுகிற பதில் அது.

பெரும்பாலான வீடுகளில் பேச்சு சம்பளத்தில் தொடங்கிச் சம்பளத்திலேயே முடிகிறது. என்னைக் கேட்டால் சம்பளம் இரண்டாவது கேள்விதான். நீங்கள் வீட்டில் இல்லாத மணித்தியாலங்களில் பிள்ளை யாருடைய கையில் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு உறுதியான பதில் இருந்தால் மற்றக் கணக்குகளை எப்படியும் சரிக்கட்டலாம். அந்தப் பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு சம்பளம் வந்தாலும் வேலைத்தலத்தில் மனம் நிற்காது.

முதற்படி: ஆயுளுக்கும் முடிவெடுக்காதீர்கள், ஒரு திகதி வரைக்கும் எடுங்கள்

"இனி வேலைக்குப் போறேல்லை" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் பிறகு திரும்புவது உங்களுக்கே கூச்சமாகிவிடும். "பிள்ளைக்கு ஒன்றரை வயது வரும்வரை நிற்கிறேன், அப்புறம் திரும்பப் பார்ப்போம்" என்றால் வீட்டாருக்கும் விளங்கும், உங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

வயதோடு தேவையும் மாறுகிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். இந்தக் காலத்தில் வீட்டில் நிற்க வழியிருந்தால் நில்லுங்கள், இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. 6 மாதத்தில் இருந்து கரைத்த சோறு, பருப்பு என்று தொடங்கலாம், இன்னொருவர் ஊட்டலாம், ஆகவே கொஞ்சம் இளகும். நடக்கத் தொடங்கியதில் இருந்து மூன்று வயது வரைதான், என் பார்வையில், ஆகக் கடினம். வாய் சொல்லாது, கால் நிற்காது. பால்குடிப் பிள்ளையை விட இந்த வயதுப் பிள்ளைக்குத்தான் ஓடக்கூடிய ஆள் வேண்டும். முன்பள்ளி தொடங்கியதும் காலை கொஞ்சம் கழியும். ஆனால் பெரும்பாலான முன்பள்ளிகள் மதியத்துக்கு முன்னமே விட்டுவிடும். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். அதன் பிறகு நீங்கள் வரும்வரை உள்ள பின்னேரம் எப்போதும் வெறுமையாகவே இருக்கும். அந்தப் பின்னேரத்தை யோசிக்காமல் "பள்ளிக்கூடம் போனால் பிரச்சினை முடிஞ்சுது" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம் படி: படலையில் இருந்து படலை வரை நேரத்தை எழுதுங்கள்

வேலை 8 மணித்தியாலம் என்று கம்பனி சொல்லும். உங்கள் வீட்டுப் படலையைத் தாண்டுவதில் இருந்து திரும்பி வந்து படலையைத் திறப்பது வரைக்கும் எத்தனை மணித்தியாலம் என்று நீங்கள் எண்ணுங்கள். முழங்காவிலில் இருந்தோ விசுவமடுவில் இருந்தோ கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர் என்று வைப்போம். பஸ் ஒவ்வொரு சந்தியிலும் ஆளை ஏற்றிக்கொண்டுதான் போகும். 8 மணித்தியால வேலைக்கு 11, 12 மணித்தியாலம் வெளியே நிற்க வேண்டிவரும். ஓ.ரி, அதாவது மேலதிக நேர வேலை, இருந்தால் அதையும் கூட்டுங்கள்.

துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளவர்களுக்குப் பிரச்சினை வேறு. ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழி மழையில் உள்வீதிகளில் வெள்ளம் நின்றால் அதுவும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பகல் 11 மணிக்குப் போன் வந்தால் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் "ஒரு மணித்தியாலத்துக்குள்" என்றால் வேலை சாத்தியம். "பின்னேர பஸ்ஸிலதான்" என்றால், பிள்ளையைப் பார்ப்பவர் தனியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூடியவராக இருக்க வேண்டும்.

கிராமத்தில் முன்பள்ளி ஆசிரியை வேலையும், பக்கத்துச் சங்கத்தில் கணக்கு எழுதும் வேலையும் சம்பளத்தில் சிறியவை. நேரத்தைப் போட்டுப் பார்த்தால் சில வேளை தூரத்து வேலையை வென்றுவிடும்.

மூன்றாம் படி: கடிதம் எழுத முன்னர் லீவுகளை எண்ணுங்கள்

பலர் வேலையை விடுவது லீவு தெரியாமல்.

அரச ஊழியர் என்றால் முழுச்சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். அது முடிய 84 நாள் அரைச்சம்பளம், அதற்கும் பிறகு 84 நாள் சம்பளமற்ற லீவு எடுக்கலாம். ஆசிரியை, தாதி, பிரதேச செயலக உத்தியோகத்தர் எல்லோருக்கும் இது உண்டு. இவற்றைத் தொடுத்து எடுத்தால் பிள்ளை தவழும் வயதுக்கு வந்துவிடும். ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தர நியமனத்தைப் பிள்ளையின் முதல் வருடக் கஷ்டத்துக்காக இராஜினாமா செய்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். யாழ்ப்பாணத்தில் வீடு, முல்லைத்தீவில் பள்ளிக்கூடம் என்றால் கூட, முதலில் இடமாற்றம் கேளுங்கள், லீவைப் பாவியுங்கள், பாடசாலைக்குக் கிட்ட அறை எடுத்து அம்மாவைக் கூட்டி வைத்திருக்கலாமா என்று பாருங்கள். விடுவது கடைசி.

தனியார் துறையில், கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான சட்டத்தின் கீழ் உள்ளவர்களுக்கு 84 நாள். வாராந்த விடுமுறையும் போயாவும் அதற்குள் சேராது. தொழிற்சாலைகளுக்கான மகப்பேற்று நன்மைகள் சட்டத்தில் 12 வாரம். முன்னர் மூன்றாம் பிள்ளைக்கு லீவு பாதியாகக் குறைந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் ஒரே அளவுதான். இதைத் தெரியாமல் மூன்றாம் பிள்ளைக்கு ஆறு வாரத்தில் திரும்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பத்தையோ பிரசவத்தையோ காரணம் காட்டி வேலைநீக்கம் செய்ய முடியாது.

இன்னொன்று, பாலூட்டும் இடைவேளை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வேலை நாளில் இரண்டு இடைவேளை உங்கள் உரிமை. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். வீடு தூரத்தில் இருப்பவருக்கு நடுப்பகலில் கிடைக்கும் ஒரு மணித்தியாலத்தால் பிரயோசனம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பின்னேரம் முன்கூட்டியே போக விடுவார்களா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். வாயால் கேட்டதோடு விடாமல் எழுத்தில் கொடுங்கள்.

நான்காம் படி: கையில் என்ன மிஞ்சும்?

கொப்பியை எடுங்கள். கீழே வருவது கணக்குக் காட்டுவதற்கான எண்கள்தான், உங்கள் எண்களை நீங்கள் போடுங்கள்.

அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 3,200 கழிய, கைக்கு 36,800 வரும். பிள்ளையைப் பார்ப்பவருக்கு 12,000. போக்குவரத்து 3,000. நீங்கள் வீட்டில் நின்றால் தேவைப்படாத பால்மா, பம்பர்ஸ் செலவு 5,000. கடைச் சாப்பாடு, வேலைக்கான உடுப்பு, வேலைத்தலத்துக் கல்யாண வீடு, பிறந்தநாள் என்று கொடுக்கிற காசு 2,000. மொத்தம் 22,000. மிச்சம் 14,800.

இந்த இடத்தில் பலர் கொப்பியை மூடி "இதுக்கே பிள்ளையை விட்டிட்டுப் போறது?" என்பார்கள். மூடாதீர்கள். உங்கள் 3,200ஓடு கம்பனி 12 வீதம், 4,800, உங்கள் பேரில் போடுகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,200. மூன்றும் சேர்ந்து மாதம் 9,200 ரூபா கண்ணுக்குத் தெரியாமல் சேருகிறது. வேலையை விட்டால் அதுவும் நிற்கும். ஆகவே உண்மையான மிச்சம் 24,000.

சரி, இதை மணித்தியாலத்தால் பிரியுங்கள். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் வெளியே, மாதம் 25 நாள், 300 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 80 ரூபா. கைக்காசை மட்டும் பார்த்தால் 50 ரூபாவும் இல்லை. இது குறைவுதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது பிள்ளை சிறிதாக இருக்கும் காலத்துக் கணக்கு. மூன்று வயதில் பம்பர்ஸ் நிற்கும், பால்மா குறையும், பார்ப்பவருக்கு அரைநாட் காசு போதும். சம்பளமும் சேவைக்காலமும் கூடிக்கொண்டே போகும். இரண்டு வருட நெருக்கடியைப் பார்த்துப் பத்து வருட வருமானத்தை விடுவதா என்று கணவரோடு இருந்து பேசுங்கள்.

அதே நேர்மையை வீட்டுத் தொழில் கணக்கிலும் காட்ட வேண்டும். "வீட்டில நின்று கோழி வளர்த்தால் இதை விடக் கூட வரும்" என்று சொல்பவர்கள் முட்டை விற்ற காசைச் சொல்வார்கள், தீன் வாங்கிய காசைச் சொல்ல மாட்டார்கள். தையல், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பது, கச்சான் வறுப்பது எல்லாவற்றுக்கும் மூலப்பொருளைக் கழித்து, அந்த வேலை செய்யும்போது பிள்ளையை யார் பார்ப்பது என்பதையும் சேருங்கள். அடுப்படியில் எண்ணெய்ச் சட்டி கொதிக்கும்போது தவழும் பிள்ளையைப் பார்க்கவும் இன்னொரு ஆள் வேண்டும்.

ஐந்தாம் படி: பார்ப்பவர் யார் என்பதைப் பேரோடு எழுதுங்கள்

"அம்மம்மா பார்ப்பார்" என்று சொல்வது சுலபம். அம்மம்மாவுக்கு எத்தனை வயது? சீனி, பிரஷர் கிளினிக் எந்த நாளில்? முழங்கால் நோவோடு ஓடும் பிள்ளையின் பின்னால் போக முடியுமா? வன்னியில் இதற்கு மேல் இன்னொரு கேள்வியும் உண்டு. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை வரும்போது அம்மம்மாவும் அப்பப்பாவும் வயலில்தான் நிற்பார்கள். விதைப்பு நேரமும் அப்படித்தான். கச்சான் பிடுங்கும் காலத்தில் புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டில் ஆளைக் காணவே முடியாது. ஆகவே பேருக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள். எந்த மாதத்தில் ஓட்டை இருக்கிறதோ, அந்த மாதத்துக்கு இரண்டாவது பேர் வேண்டும்.

சொந்தக்காரர் பார்த்தாலும் காசு கொடுங்கள். மாமி "உன்ர காசு எனக்கெதுக்கு?" என்பார். பரவாயில்லை, அவருடைய பேரில் சீட்டுக் கட்டுங்கள், மருந்துச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். சும்மா பார்ப்பவரிடம் "பிள்ளைக்குப் போனைக் காட்டி ஊட்டாதேங்கோ" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. அவருக்கும் மனதுக்குள் சலிப்புச் சேரும்.

அயலில் ஒருவரிடம் விடுவதாக இருந்தால் அந்த வளவைப் போய்ச் சுற்றிப் பாருங்கள். கட்டு இல்லாத கிணறு, மூடாத துரவு, பின்னால் குளத்து வாய்க்கால், சுவரோரம் வைத்த பூச்சிமருந்துப் போத்தல், விறகுக் குவியல். வன்னிக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்துகள் இவைதான். அந்த வீட்டில் பகலில் வேறு யார் யார் வந்து போகிறார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். பிள்ளை திடீரென்று அந்த வீட்டுக்குப் போக மறுத்தால், உடம்பில் காரணம் தெரியாத அடையாளம் இருந்தால், "சும்மா அடம்" என்று தள்ளாதீர்கள். 1929 என்ற இலக்கம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது, எந்த நேரமும் எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம். மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து மறித்துச் சின்னதைப் பார்க்க வைப்பது. 5 வயதில் இருந்து 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். உங்களுடைய சம்பளத்துக்காக இன்னொரு பெண்ணின் படிப்பை வெட்டக்கூடாது, அவள் உங்கள் மகளாக இருந்தாலும் சரி.

பகல் பராமரிப்பு நிலையம் வவுனியா, கிளிநொச்சி நகரங்களுக்கு வெளியே கிடைப்பது அரிது. கிட்ட ஒன்று இருந்தால், முன்னறிவிப்பு இல்லாமல் ஒருநாள் பின்னேரம் 2 மணிபோலப் போய்ப் பாருங்கள். அந்த நேரம்தான் பார்ப்பவர்கள் களைத்திருப்பார்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், படலை பூட்டியிருக்கிறதா, பிள்ளையைக் கூட்டிப்போக வருபவரின் பேரைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். பெற்றோர் உள்ளே வருவதை விரும்பாத இடம் என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தருக்குத் தன் பிரிவில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அப்பாவை ஏன் யாரும் இந்தப் பட்டியலில் எழுதுவதில்லை என்பது எனக்கு விளங்குவதில்லை. முல்லைத்தீவுக் கரையில் விடியப்புறம் கடலுக்குப் போய்க் காலையில் கரைக்கு வருகிற தகப்பன் பகல் முழுக்க வீட்டில்தான். நித்திரை கொள்ள வேண்டும், உண்மைதான், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கலாமே. வேலையில்லாத நாளில் மேசன் வேலைக்காரரும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் வராத வருடத்தில் வயற்காரரும் வீட்டில் நிற்கிறார்கள். உங்கள் சம்பளம் நிரந்தரம், அவருடையது நாட்கூலி என்றால் அவர் நின்று நீங்கள் போவதுதான் கணக்குக்குப் பொருந்தும். ஊர் சிரிக்கும். கொஞ்ச நாள் சிரிக்கட்டும்.

ஆறாம் படி: பால், சாப்பாடு, ஊசி

ஆறு மாதத்துக்கு முன்னர் திரும்ப வேண்டியிருந்தால், இரண்டு கிழமைக்கு முன்னமே பால் எடுத்துப் பழகுங்கள். கையைக் கழுவி, கொதிநீரில் அவித்த மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். 25 பாகைக்கு உட்பட்ட அறையில் எடுத்த பால் 4 மணித்தியாலம் வரை இருக்கும். வன்னி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழ், அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் அயல்வீட்டில் வைக்க ஒழுங்கு செய்யுங்கள். கோப்பையாலும் கரண்டியாலும் பருக்கப் பார்ப்பவருக்குக் காட்டிக் கொடுங்கள். சூப்பிப் போத்தல் கழுவுவது பெரும் வேலை, வயிற்றோட்டம் பெரும்பாலும் அதில்தான் தொடங்கும். சந்தேகம் இருந்தால் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், வீட்டுக்கே வந்து காட்டித் தருவார்.

தடுப்பூசி 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் வரும். கிளினிக் நாளைக் கலண்டரில் குறித்து வேலைத்தலத்தில் முன்னமே லீவு சொல்லுங்கள்.

ஏழாம் படி: நிற்பதென்றால் நிபந்தனையோடு நில்லுங்கள்

வீட்டில் நிற்பது குறைந்த முடிவு இல்லை. பார்ப்பவர் இல்லாத வீட்டில், பிள்ளை அடிக்கடி வருத்தக்காரனாக இருக்கும் வீட்டில் அதுதான் சரியான முடிவு. ஆனால் சும்மா நிற்கக்கூடாது.

முதலில் கடன். உங்கள் பேரில் நுண்கடனோ லீசிங்கோ கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டியிருந்தால், அதை முடிக்கும்வரை வேலையை விடாதீர்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொன்றை எடுத்து வடக்கில் எத்தனை பெண்கள் மாட்டுப்பட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது. இன்னொரு தடவை அப்படி வரும் என்று இருக்க முடியாது.

இரண்டாவது, உங்கள் பேரில் ஒரு வங்கிப் புத்தகம். கணவர் மாதா மாதம் ஒரு தொகையை, சிறியதானாலும், அதில் போட வேண்டும். கேட்டு வாங்குகிற காசாக இருக்கக்கூடாது. அவர் யோசித்தால், நான்காம் படியில் பிள்ளையைப் பார்ப்பவருக்கு என்று எழுதிய 12,000ஐக் காட்டுங்கள்.

மூன்றாவது, கையில் உள்ள தொழிலை விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியபின் தொழிற்தகைமைக் கற்கை ஒன்றைப் பாருங்கள். அறிவியல்நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்கள் கிட்டவே இருக்கின்றன. ஸ்கூட்டி ஓட அனுமதிப்பத்திரம் எடுப்பதும் இந்தக் காலத்தில்தான் நல்லது. பஸ்ஸை நம்பாத பெண்ணுக்கு வேலை தேடும் வட்டம் பெரிது.

அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் காசை வெட்டிப் போடுவார்கள் என்று பயந்து வேலைக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. அந்தக் கொடுப்பனவுக்குக் காலவரையறை இருக்கிறது. அதை நம்பி நிரந்தர வேலையைத் தள்ளுவது சரியாக எனக்குப் படவில்லை.

தனியாக நிற்கும் தாய்க்கு

போரில் கணவரை இழந்தவர், காணாமலாக்கப்பட்டவரின் மனைவி, பிரிந்து வாழ்பவர். வன்னியில் இந்த வீடுகள் கொஞ்சம் இல்லை. இவர்களிடம் போய் "நிற்பதா, போவதா" என்று கேட்பது பொருத்தமே இல்லை, போகத்தான் வேண்டும். ஆகவே தேர்வு வேலையின் தூரத்தில் இருக்கிறது. சம்பளம் கூடிய தூரத்து வேலையை விட, நடந்து போய் வரக்கூடிய வேலைக்கு முதலிடம் கொடுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் உங்களைப் போல இன்னும் இரண்டு, மூன்று தாய்மார் இருப்பார்கள். வேலை நாளை மாற்றி எடுத்து ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது. வாய்ப்பேச்சில் விடாமல் நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், சண்டை வராது.

வெளிநாட்டு வீட்டு வேலையை யோசிப்பவர் முதலில் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். 2013 இல் வந்த விதி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாயைத் தடுத்தது. 2022 இல் அது இரண்டு வயதாகத் தளர்த்தப்பட்டது. சட்டம் விட்டாலும், இரண்டு வருடத்துக்குப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்கு ஐந்தாம் படியின் கேள்விகள் எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் கேளுங்கள்.

எட்டாம் படி: ஒத்திகை, அப்புறம் கடிதம்

லீவின் கடைசி இரண்டு கிழமையும் வேலை நாள் போலவே நடத்துங்கள். பஸ் நேரத்துக்கு எழும்புங்கள், பிள்ளையைப் பார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்கள் சொந்தக்காரர் வீட்டிலோ சந்தையிலோ நேரத்தைக் கழியுங்கள். முதல் நாள் இரண்டு மணித்தியாலம், பிறகு அரைநாள், கடைசியில் முழுநாள். பிள்ளை அழும். சாப்பிடுகிறதா, நித்திரை கொள்கிறதா, பார்ப்பவரைக் கண்டதும் முகம் மலருகிறதா என்பதைப் பாருங்கள். இரண்டு கிழமை முடிந்தும் சாப்பாட்டை மறுத்து நிறை குறைந்தால் ஒழுங்கை மாற்ற வேண்டும்.

விடுவதென்றே முடிவானால் கடிதத்தில் திகதியைப் போட முன்னர் சேவைக்காலத்தைப் பாருங்கள். 15 பேருக்குக் குறையாமல் ஊழியர் உள்ள இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம். நாலு வருடமும் பத்து மாதமும் என்றால் அந்த இரண்டு மாதத்தை எப்படியாவது இழுத்து முடியுங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். சேமலாப நிதியைப் பெண்கள் பொதுவாக 50 வயதில்தான் எடுக்கலாம், கல்யாணத்தைக் காரணமாக வைத்து விலகினால் முன்னமே எடுக்க வழி இருக்கிறது. வேறு தேவை இல்லாவிட்டால் அதைத் தொடாமல் விடுங்கள். விலகும்போது சேவைச் சான்றிதழையும் உங்கள் அங்கத்துவ இலக்கத்தையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பணிக்கொடை 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டால் கிட்ட உள்ள தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.